எண்பது டெசிபலுக்குள் ஒரு பொம்மை

பதினெட்டு மாதமே ஆன ஒருவனுக்கு என்னைப் பிடிக்கவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? அவனுக்கு மொத்தமே பத்துப் பல். அதில் இரண்டு இன்னும் பாதியில் நிற்கின்றன. பேசத் தெரியாது. நேராக நடக்கத் தெரியாது. சாதத்தை மூக்கில் வைத்துக்கொள்கிறான். அப்படிப்பட்டவன் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். நானோ நாற்பத்திரண்டு வயதில் அந்த முடிவை மாற்றப் பொம்மைக்கடையில் நிற்கிறேன்.

தனலெட்சுமி இப்படி நினைத்துக்கொண்டே கையிலிருந்த மஞ்சள் வாத்தின் வயிற்றை அமுக்கினாள்.

வாத்து கத்தியது. முதலில் ஆங்கிலத்தில் ஒன்று இரண்டு மூன்று பாடியது, பிறகு மாடு மாதிரிக் கத்தியது, பிறகு ரயில் மாதிரிக் கூவியது. இன்னொரு கையால் கைப்பேசியை வாத்தின் அலகருகே பிடித்தாள். திரையில் முள் எகிறிப்போய் நின்றது. தொண்ணூற்று ஏழு.

"என்ன ஆன்டி, லைன் கெடைக்கலையா?" என்றார் கடைக்காரர் ஷாஹுல் ஹமீது. அவருக்கு ஐம்பத்தைந்து வயதாவது இருக்கும். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கும் பூக்கடைக்கும் நடுவே இருந்த அந்தக் கடையில் அவர் எல்லாப் பெண்களையும் ஆன்டி என்றுதான் கூப்பிட்டார். சற்று முன்பு எழுபது வயதுப் பாட்டி ஒருத்தியையும் அப்படியே கூப்பிட்டதால் தனலெட்சுமி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சமாக எடுத்துக்கொண்டாள்.

"இல்ல அங்கிள். சத்தத்த அளக்கிறேன்."

"சத்தத்த எதுக்கு அளக்கணும்? காது இருக்குல்ல?"

"அந்தக் காது இருக்கணுமேன்னுதான் அளக்கிறேன். இது தொண்ணூத்தேழு டெசிபல். எண்பதுக்குள்ள இருக்கணும்."

"வாத்து கொஞ்சம் உற்சாகமாப் பாடுது. அவ்ளோதான் லா."

அவள் வாத்தைக் கீழே வைத்தாள். வாத்து நிற்கவில்லை. மறுபடி மாட்டுக்குப் போயிருந்தது.

தனலெட்சுமிக்கு வேலையே அதுதான். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, 'பீப் கேட்டா பட்டன அமுக்குங்க' என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து சொல்வாள். பதினாறு வருடமாக மற்றவர்களுக்கு என்ன கேட்கிறது என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சில நாள் வீட்டுக்குப் போனதும் குழாயில் சொட்டும் தண்ணீர் எத்தனை டெசிபல் என்றுகூட மனசு கணக்குப் போடும்.

அந்த வேலையால்தான் கிஷனின் விஷயமும் கெட்டது. கிஷன் அவள் தம்பி சுகுமாறனின் மகன். எட்டு மாதத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது காதைப் பிடித்துப் பிடித்து இழுத்திருக்கிறான். "அக்கா, நீ காதுலதான வேல பாக்கற, ஒரு பார்வ பாரேன்" என்று தம்பி கூப்பிட்டான். அவள் பார்த்தாள். சின்ன விளக்குக் கருவியை அவன் காதுக்குள் விட்டுப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளைப் பார்த்ததும் கிஷன் இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறுவான். நேரில் மட்டுமில்லை, வீடியோ காலிலும். ஒரு முறை ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த அவள் புகைப்படத்தைப் பார்த்தே காதைப் பொத்தினானாம். தம்பி மனைவி ரேஷ்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். தனலெட்சுமியும் சிரித்தாள். போனை வைத்த பிறகு, அந்தப் படத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவிட்டார்களா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

வரும் ஞாயிறு அவனுக்கு மொட்டையும் காதுகுத்தும். அதற்குத்தான் பொம்மை.

ஒரு முறை, ஒரே ஒரு முறை, அவன் தானாக என்னிடம் வர வேண்டும். யாரும் தூக்கிக் கொடுக்காமல், 'அத்தகிட்ட போ, அத்தகிட்ட போ' என்று முதுகைத் தள்ளாமல். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம். இதுவே அதிகமோ?

"ரேஷ்மா என்ன சொன்னா தெரியுமா அங்கிள்?" என்றாள் கடைக்காரரிடம். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. "பாட்டு வர்ற பொம்ம வாங்குங்க அக்கா, ஆனா சத்தம் வரக்கூடாதுங்கிறா."

"அது எல்லா அம்மாவும் சொல்றதுதான். சத்தமில்லாத டிரம் இருக்கான்னு கேட்டாங்க போன வாரம். நான் தலகாணி ஒண்ண எடுத்துக் காட்டினேன்."

அவர் அலமாரியிலிருந்து ஒன்றொன்றாக எடுத்து மேசையில் பரப்பினார். தனலெட்சுமி கைப்பையைத் திறந்து, டிஷ்யூ சுருள் தீர்ந்ததும் மிஞ்சுமே, அந்த அட்டைக் குழாயை வெளியே எடுத்தாள்.

ஷாஹுல் ஹமீது குழாயைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு கடையில் வேறு யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்தார்.

"ஆன்டி, டாய்லெட் பின்னால இருக்கு."

"ஐயோ, இல்ல. இது அளவு பார்க்க. இந்தக் குழாய்க்குள்ள போற எதுவும் பிள்ளையோட தொண்டைக்குள்ளயும் போயிடும். அதனால இதுல போட்டுப் பார்க்கணும்."

கிலுகிலுப்பை உள்ளே போயிற்று. பிளாஸ்டிக் புல்லாங்குழலின் ஊதும் முனை தனியாகக் கழன்று வந்து குழாய்க்குள் வழுக்கி மறுபுறம் விழுந்தது. குட்டி டிரம்மின் மூடியை அவள் நகத்தால் தூக்கினாள். மூடி திறந்து நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் பாசிகள் கடை முழுக்க ஓடின.

"அலாமாக்!" என்றார் கடைக்காரர்.

இருவரும் குனிந்து பொறுக்கினார்கள். பூ வாங்க வந்த ஒருவர் கடைவாசலில் நின்று, எதையோ தங்கம் என்று நினைத்தாரோ என்னவோ, தானும் குனிந்து பொறுக்கத் தொடங்கினார்.

பியானோவில் பேட்டரி மூடிக்குத் திருகாணியே இல்லை. உள்ளே சட்டைப் பொத்தான் அளவுக்குத் தட்டையான பேட்டரி. "இத முழுங்கினா வயித்துல ஓட்ட விழும்" என்றாள். சைலஃபோன் நன்றாக இருந்தது, ஆனால் அதோடு வந்த குச்சி ஓடும்போது வாயில் குத்தும். கிதாரின் நரம்பு கழுத்தில் சுற்றும்.

"அப்ப பிள்ளைக்கு ஒரு புஸ்தகம் வாங்கிக் குடுங்க" என்றார் ஷாஹுல் ஹமீது அலுத்துப்போய்.

"முனை கூரா இருக்கும்."

 அவர் உள்ளே போய், மேல் தட்டில் ஏணி போட்டு ஏறி, தூசி படிந்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே மர உருளை ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் வட்டமான மரத்தட்டு, நடுவே விரல் தடிமனில் வழவழப்பான மரக்கம்பிகள் வரிசையாக. கூண்டு மாதிரியான அதற்குள் ஒரு வெண்கல மணி. மணி எலுமிச்சம்பழத்தைவிடப் பெரியது. கம்பிகளுக்கிடையே வெளியே வர வழியில்லை. தரையில் உருட்டினால் மணி உள்ளே புரண்டு புரண்டு ஒலித்தது. உருட்டும் வேகத்துக்கேற்ப ஒலி கூடியது, குறைந்தது. நின்றால் நின்றது.

அறுபத்தெட்டு டெசிபல்.

அவள் முகம் மாறியதைக் கடைக்காரர் கவனித்திருக்க வேண்டும். "பேட்டரி இல்ல. பாட்டு இல்ல. மாடு இல்ல" என்றார்.

தனலெட்சுமி உருளையை முகர்ந்து பார்த்தாள். வண்ணப்பூச்சு வாசனை இல்லை. ஈர டிஷ்யூவால் துடைத்தாள், சாயம் ஒட்டவில்லை. ஓரத்தை நாக்கால் தொட்டாள். பிறகு, யோசிக்காமல், கடித்தாள்.

"ஆன்டி! கடிச்சா வாங்கணும்!"

"வாங்கத்தான் போறேன். அவன் கடிப்பான்ல? அதுக்கு முன்னால யாராவது கடிச்சுப் பார்க்கணும்ல?"

"உங்களுக்கு எத்தன பிள்ளைங்க?"

"இல்ல."

"அதான்" என்றார் அவர்.

அதில் கேலி இல்லை, இரக்கமும் இல்லை. கடைக்காரர்கள் பொருளைப் பார்த்ததும் விலையைச் சொல்வதுபோலச் சொன்னார். ஆனால் கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் வரும்வரை ரயிலில் தனலெட்சுமி அந்த ஒற்றைச் சொல்லையே வைத்துக்கொண்டிருந்தாள். அதான் என்றால் எது? பிள்ளை இல்லாததால் இவ்வளவு பயமா, அல்லது இவ்வளவு பயம் இருப்பதால்தான் பிள்ளை இல்லையா? ஷா ஆலம் வரை முதலாவது என்று தோன்றியது. சுபாங் ஜெயாவைத் தாண்டியதும் இரண்டாவது. பெட்டாலிங் வந்தபோது அவள் மடியிலிருந்த பை சரிந்து உருளை ஒரு தரம் ஒலித்தது. எதிரே தூங்கிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு விழித்து அடுத்த ஸ்டேஷனில் இறங்க எழுந்து நின்றார். அவருடைய ஸ்டேஷன் அதுவா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் சோதனை தொடர்ந்தது. இடுப்பு உயரத்திலிருந்து ஓட்டுத் தரையில் பத்து முறை போட்டாள். அதன்மேல் உட்கார்ந்தாள். வாளித் தண்ணீரில் முக்கிக் காயவைத்தாள். கூடத்தின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு உருட்டிவிட்டு, தவழ்ந்து போய் எடுத்தாள். நாற்பது தரம் இருக்கும். முதல் பத்து தரம் ஆராய்ச்சி. அதற்குப் பிறகு என்ன என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அழைப்பு மணி அடித்தது. கீழ்மாடி ரமணி, குளித்து நெற்றியில் திருநீறு பூசிக் கையில் ஒரு கிண்ணத்தோடு நின்றாள்.

"அரை மணி நேரமா மணிச் சத்தம் கேக்குது. என்னா அக்கா, வீட்ல பூஜையா? சொல்லவே இல்ல?"

தவழ்ந்ததில் தனலெட்சுமியின் முழங்கால் இரண்டும் சிவந்திருந்தன. மூச்சு வாங்கியது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். ரமணி பயபக்தியோடு கிண்ணத்தை நீட்டினாள். தனலெட்சுமி உள்ளே போய் உலர்ந்த திராட்சை கொஞ்சம் கொண்டுவந்து போட்டாள். ரமணி கண்ணில் ஒற்றிக்கொண்டு படியிறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் கோயிலை ஒட்டிய மண்டபம். காலை பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை நல்ல நேரம். தனலெட்சுமி ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். பொம்மையை அவள் காகிதத்தில் சுற்றவில்லை. காகிதத்தை அவன் தின்னலாம், ஒட்டும் டேப் தொண்டையில் ஒட்டிக்கொள்ளலாம். அதனால் ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து, பக்கத்தில் இரண்டு செவ்வந்திப் பூ வைத்து, மேசையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனாள்.

தட்டில் வைத்ததுதான் தப்பு. திரும்பி வந்தபோது மண்டபத்தில் ஒரு கலவரமே நடந்துகொண்டிருந்தது.

காதுகுத்துக்குச் சீர் கொண்டுவருவது தாய்மாமன் வீடு. ரேஷ்மாவின் தம்பி ராஜன்தான் தாய்மாமன். அவன் மனைவி மலர் பழம், இனிப்பு, பட்டுச்சட்டை, வளையல், சாக்லேட் என்று இருபத்தோரு தட்டு அடுக்கி வைத்திருந்தாள். சீர்த்தட்டு எப்போதும் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும்.

"இருபத்திரெண்டு வருது!" மலர் மூன்றாம் முறையாக எண்ணிவிட்டாள். "யாரு லா நடுவுல ஒரு தட்டச் சொருவினது?"

"என்னுது" என்றாள் தனலெட்சுமி. "சீர் இல்ல, பொம்ம. நான் எடுத்துக்கறேன்."

"ஐயோ, வேணாம் வேணாம் அக்கா! வரிசையில வச்சதத் திருப்பி எடுக்கக் கூடாது!"

"அப்ப உங்க தட்டுல ஒண்ண எடுத்துடலாமா?"

மலர் பார்த்த பார்வையில் தனலெட்சுமி ஓர் அடி பின்வாங்கினாள். கடைசியில் இன்னொரு தட்டைக் கூட்டுவதென்று முடிவாயிற்று. இருபத்து மூன்று. ஆனால் அதில் வைக்க ஒன்றுமில்லை. யாரோ ஓடிப்போய் மண்டபத்துக் குளிர்பெட்டியிலிருந்து ஆறு டின் சோயா பால் கொண்டுவந்தார்கள். அதன்மேல் ஒரு ரோஜா வைத்ததும் அதுவும் சீராயிற்று.

ராஜன் வந்தான். செராஸில் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவன். தோள் இரண்டும் கதவில் இடித்தன. ஜிப்பாவின் கையை மடித்துவிட்டிருந்ததில் பச்சை குத்திய சிங்கத்தின் பாதி முகம் எட்டிப் பார்த்தது. மீதி முகம் துணிக்குள் இருந்தது. வரிசையில் எது கனமில்லாதது என்று பார்த்து, பொம்மைத் தட்டை அவன் எடுத்துக்கொண்டான்.

"தாய்மாமன் சீரு வருது, எல்லாரும் வழி விடுங்க!" என்று மைக்கில் சொன்னார்கள். "மாமா மாப்பிள்ளைக்கு ஸ்பெஷலா பொம்ம வாங்கிட்டு வர்றாரு! கை தட்டுங்க!"

எல்லோரும் கை தட்டினார்கள். தனலெட்சுமியும் தட்டினாள். கை தட்டிக்கொண்டே தன் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று உள்ளிருந்து தொட்டுப் பார்த்தாள். இருந்தது. கொஞ்சம் கோணலாக.

பரவாயில்லை. யார் வாங்கினால் என்ன, பொம்மை அவன் கையில் இருந்தால் போதும். இதை நான் உண்மையிலேயே நினைக்கிறேனா? இல்லை. மைக்கைப் பிடுங்கி 'அதை நான்தான் கடித்தேன்' என்று சொல்ல வேண்டும்போல இருக்கிறது.

அவள் அந்த உருளையை முகர்ந்தாள், நக்கினாள், கடித்தாள், போட்டாள், முக்கினாள், மேலே உட்கார்ந்தாள். உருளுகிற பொருளைத் தட்டையான தட்டில் வைத்தால் உருளும் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. ராஜன் நான்காவது அடி வைத்ததும் அது உருண்டது. தட்டின் விளிம்பைத் தாண்டி, அவன் முழங்காலில் பட்டு, தரையில் விழுந்து, மணி ஒலிக்க ஒலிக்க மண்டபத்தின் நடுவே ஓடியது. கழுவிவிடுவதற்காகத் தரையைச் சற்றுச் சரிவாகப் போட்டிருந்தார்கள். அதனால் அது நிற்கவில்லை.

அப்போதுதான் தலை மொட்டையாகி, சந்தனம் பூசி, எரிச்சலில் அழுதுகொண்டிருந்த கிஷன் அந்த ஒலியைக் கேட்டு அழுகையை நிறுத்தினான். அம்மாவின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினான். உருளையின் பின்னால் ஓடினான். அவன் ஓடுவதென்றால் ஒவ்வோர் அடிக்கும் விழப்போய் விழாமல் இருப்பது. மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

உருளை கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த தனலெட்சுமியின் காலடியில் போய் நின்றது.

கிஷன் வந்தான். குனிந்தான். நிமிர்ந்தபோது அவளைப் பார்த்துவிட்டான். இரண்டு கையும் காதுக்குப் போயின. வாய் திறந்தது.

அவள் அவனைக் கூப்பிடவில்லை. கையை நீட்டவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தன் இரண்டு காதையும் தானும் பொத்திக்கொண்டாள். உனக்கு மட்டும்தான் பயமா என்பதுபோல.

திறந்த வாய் அப்படியே நின்றது. சத்தம் வரவில்லை. மொட்டைத் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. இந்தப் பெரிய பெண்மணி ஏன் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறாள் என்று அவன் யோசிப்பது அப்பட்டமாகத் தெரிந்தது. மெதுவாக ஒரு கையை எடுத்தான். அவளும் ஒரு கையை எடுத்தாள். அவன் உடனே திரும்பப் பொத்தினான். அவளும் பொத்தினாள். இன்னொரு கையை எடுத்தான். அவளும். இப்படி ஏழெட்டு முறை. பிறகு அவன் சிரித்தான். பத்துப் பல்லும் தெரிந்தன, பாதியில் நின்ற இரண்டும் சேர்த்து. உருளையைத் தூக்க முடியாமல் தூக்கி அவள் மடியில் போட்டான். பிறகு அவள் சேலையைப் பிடித்து, முழங்காலில் ஒரு காலை ஊன்றி, யாருடைய உதவியும் இல்லாமல் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். சந்தனம் அவள் மார்பெல்லாம் அப்பியது.

பாலும் சந்தனமும் வேர்வையும் கலந்த ஒரு வாசனை. நெஞ்சின் மேல் அவன் முதுகு. அவ்வளவு கனம் இருப்பான் என்று அவள் நினைக்கவில்லை.  அவனை அணைக்காமல் நாற்காலியின் பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா, அத்தகிட்ட போயிட்டான்!" என்று சுகுமாறன் அங்கிருந்து கத்தினான்.

நேரம் பதினொன்று ஐந்து. பொற்கொல்லர் சின்னையா ஆசாரி மணை போட்டு உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். "மாமா வந்து உக்காருங்க. பிள்ளைய மடியில வாங்கிக்குங்க. எனக்கு பன்னெண்டு மணிக்கு காப்பார்ல ஒரு காது இருக்கு."

ராஜன் வந்து மணையில் உட்கார்ந்தான். சின்னையா ஒரு சின்னத் துணியை விரித்தார். தங்கக் கம்பியின் கூர்முனையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ராஜனும் பார்த்தான்.

முதலில் ராஜனின் உதடு வெளுத்தது. பிறகு நெற்றி. பிறகு அவன் அருகிலிருந்த தூணைப் பிடித்தான்.

"எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"என்னாங்க நீங்க, மேல சிங்கமே குத்திக்கிட்டவரு!" என்றாள் மலர்.

"அது என் கை லா. இது பிள்ள காது."

"கண்ண மூடிக்கிட்டு உக்காருங்க."

ராஜன் கண்ணை மூடினான். கண்ணோரம் நீர் வழிந்தது. அந்தப் பெரிய தோள் இரண்டும் குலுங்கின. யாரோ சோயா பால் டின் ஒன்றைத் திறந்து அவன் வாயில் வைத்தார்கள். வரிசையில் வைத்ததைத் திருப்பி எடுக்கக் கூடாது என்பது அந்நேரம் யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு பேர் அவனைத் தூக்கிப்போய் விசிறிக்குக் கீழே படுக்கவைத்தார்கள்.

"பதினொன்னேகால் ஆச்சு" என்றார் சின்னையா. "வேற யாராச்சும் உக்காருங்க. பிள்ள ஆடாம இருந்தா எனக்கு அதுவே போதும்."

எல்லோருடைய பார்வையும் ஒரே நேரத்தில் கடைசி வரிசைக்குத் திரும்பியது. அங்கே கிஷன் அத்தையின் மடியில் உருளையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

ரேஷ்மா வந்து பக்கத்தில் குனிந்தாள். "அக்கா, நீங்களே புடிச்சுக்குங்க. உங்ககிட்டதான் சமத்தா இருக்கான்."

சுகுமாறன் வந்தான். "நீதான் காதுலயே வேல பாக்கறியே அக்கா. ஒனக்குத் தெரியாததா?"

விசிறிக்குக் கீழே படுத்தபடியே ராஜன் கையைத் தூக்கிக் கும்பிட்டான். "பிளீஸ் அக்கா. என் எடத்துல நீங்க உக்காருங்க. நான் ஒங்கள மறக்கவே மாட்டேன்."

தனலெட்சுமி எப்போதும் சரி என்று சொல்கிறவள். காலையில் சீக்கிரம் வரச் சொன்னால் சரி. தட்டு அவர்களுடையது என்றால் சரி. ஆஸ்பத்திரியில் துணைக்கு யார் என்றால் அவள்தான், வீட்டில் குழாய் பழுதென்றால் ஆளைக் கூப்பிடுவதும் அவள்தான். அந்தச் சொல் இப்போதும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. 'ச' வரைக்கும் வந்துவிட்டது.

காது குத்தக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. குத்தட்டும். இரண்டு நிமிட வலி, நாளைக்கு மறந்துவிடுவான். ஆனால் அந்த இரண்டு நிமிடமும் யார் மடியில் இருந்தான் என்பதை மறக்க மாட்டான். பத்து மாதம் என்னைப் பார்த்தாலே காதைப் பொத்தியவன் அவன். இது கருணை இல்லை. நியாயமும் இல்லை. யாரோ ஒருவருடைய மடியில் அவன் அழத்தான் போகிறான், அது என்னுடையதாக இருக்கக் கூடாது என்கிறேன். இவ்வளவு சின்ன மனசா எனக்கு? ஆமாம். இவ்வளவு சின்னதுதான். இது எனக்கு இருபது நிமிடமாகத்தான் கிடைத்திருக்கிறது.

கிஷன் அண்ணாந்து அவள் முகவாயைப் பார்த்தான். சந்தனம் ஒட்டிய ஒரு விரலை அவள் மூக்கில் வைத்தான்.

"அக்கா, நேரமாகுது" என்றான் சுகுமாறன். "எழுந்து வா. அஞ்சே நிமிஷம்."

"இல்லப்பா."

"என்ன இல்ல?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் பிள்ளை பயந்துவிடும்.

"அவன் அம்மா மடியில குத்துங்க. நீ உக்காரு, உன் மடியில குத்துங்க. ராஜன் எழுந்திரிக்கட்டும், காத்திருக்கலாம்" என்றாள். "என் மடியில வேணாம். நான் மாட்டேன்."